'அல்லோர்' படித்த காடு

எம்.ஏ. தமிழ் முதலாண்டில் அகப்பொருள் நடத்திய ஆசிரியர் கரும்பலகையில் பதினான்கு சொற்களை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார். நாற்கவிராச நம்பியின் கருப்பொருள் பட்டியல். முதலில் தெய்வம், அடுத்து உயர்ந்தோர், அதற்கடுத்து அல்லோர். அல்லோர் முடிந்த கையோடு பறவை, விலங்கு என்று பட்டியல் போகும். குறிஞ்சி நிலத்துக்கு உயர்ந்தோர் பொருப்பன், வெற்பன், சிலம்பன். அல்லோர் குறவர், கானவர். மருதத்துக்கு உயர்ந்தோர் ஊரன், மகிழ்நன். அல்லோர் உழவர், கடையர், கடைசியர். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். கடைசியர் என்றால் வயலில் இறங்கி வேலை செய்கிற பொம்பளைங்க. எங்க அம்மா, எங்க ஆயா, நடவுக்குப் போகிற எங்க தெருப் பெண்கள் எல்லாரும். அதாவது நான் மனப்பாடம் செய்தது எங்க வீட்டைத்தான். அது அன்றைக்கு உறைக்கவில்லை.

உறைத்தது இயற்கை முகாம் ஒன்றில். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு புதர்க்காட்டில் கல்லூரி மாணவர்களுக்காக நடந்த இரண்டு நாள் முகாம். நகரத்திலிருந்து வந்த பயிற்சியாளர்கள் தங்கள் பெயர், படிப்பு, பார்த்த காடுகள் எல்லாம் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்கள். கழுத்தில் தொலைநோக்கி, கையில் ஆங்கிலப் பறவைக் கையேடு. அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, தண்ணீர் கேனைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றிருந்தார். இருளர். "இவருக்குப் பாம்பு பத்தி எல்லாம் தெரியும்" என்று கையைக் காட்டினார்கள். அவர் அறிமுகம் அதோடு முடிந்தது.

காட்டுக்குள் நுழைந்த அரைமணி நேரத்தில் எங்களில் பாதிப்பேர் தொலைநோக்கியை விட்டுவிட்டு அவர் பின்னால் போய்விட்டோம். எலி வளை ஒன்றின் முன்னால் குந்தினார். "இத பாரும்மா, வாய்ல சிலந்தி கூடு கட்டிக்கீது. ஆளு உள்ள போவல." பத்தடி தள்ளி இன்னொரு வளை. "இங்க பாரு, வாய் வழவழன்னு தேஞ்சி கெடக்குது. போக வர இருக்கான்." மண்ணில் எனக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் அவர் தடம் பார்த்தார், போன திசையைச் சொன்னார். உதிர்ந்து கிடந்த சட்டைத் துணுக்கை விரலில் வைத்துப் பார்த்து இது சாரை, விடு என்றார். கரையான் புற்றை முழுக்க இடிக்கக் கூடாது, மழை பெய்தால் ஈசல் அதிலிருந்துதான் வரணும் என்றார். கிழங்கு தோண்டினால் கொடியோடு ஒரு துண்டைக் குழியிலேயே விட்டு மூடணும் என்றார். இவ்வளவும் அவர் பாடமாக நடத்தவில்லை. நடந்துகொண்டே, வெற்றிலை மென்றுகொண்டே சொன்னது.

பிறகு முகாம் அறிக்கை அச்சாகி வந்தது. பார்த்த பறவைகளின் பட்டியல் அறிவியல் பெயர்களோடு. பயிற்சியாளர்கள் பெயர், பட்டங்களோடு. பெரியவர் 'உள்ளூர் வழிகாட்டி ஒருவர்' ஆகியிருந்தார். அப்போதுதான் கரும்பலகை ஞாபகம் வந்தது. உயர்ந்தோர், அல்லோர், பறவை, விலங்கு. நம்பி எழுதிய வரிசை அப்படியே இருந்தது.

தமிழில் காடு பற்றியும் உயிரினங்கள் பற்றியும் எழுதுவது கடந்த முப்பது நாற்பது வருடங்களில் பெருகியிருக்கிறது. பறவைக்கு, வண்ணத்துப்பூச்சிக்கு, மரத்துக்குத் தனித்தனிப் புத்தகங்கள் வருகின்றன. நல்லதுதான். நானும் வாங்குகிறேன், பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுக்கிறேன். ஆனால் இந்தப் பிரதிகளில் பலவற்றுக்கு ஒரு பொது இலக்கணம் இருக்கிறது. பார்க்கிறவர் 'நான்'. பார்க்கப்படுவது விலங்கு. இரண்டுக்கும் நடுவே, விலங்கு இருக்கும் இடத்தை விரல் நீட்டிக் காட்டிய ஒருவர் உண்டு. அவருக்கு 'நம் பழங்குடி நண்பர்' என்று பெயர். அவர் சொன்னது 'நம்பிக்கை'. அதையே நான் ஆங்கிலத்தில் படித்து எழுதினால் 'தகவல்'. பழங்காலத்து வேட்டைக்காரர்கள் இந்த விஷயத்தில் தேவலாம். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் தன் புலிவேட்டைக் கதைகளில் பைரா என்கிற பூசாரி இனத்தவரை, ரங்காவை, பெயர் சொல்லித்தான் எழுதினார். அவர்களைத் துரைக்கு விசுவாசமான நிழலாகவே வைத்திருந்தார் என்பது வேறு. நிழலுக்காவது பெயர் இருந்தது.

பழங்குடியை நடுவில் வைத்து எழுதிய பிரதி இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. ஜாய் விட்டேக்கர் எழுதிய காளியும் சாரைப்பாம்பும் பற்றிய குழந்தைக் கதை. தூலிகா பதிப்பகம் வெளியிட்டது. படம் வரைந்தவர் ஸ்ரீவித்யா நடராஜன். அம்பேத்கர் வாழ்க்கையைப் படக்கதையாகச் சொன்ன 'பீமாயணா'வின் (2011) கதையை எழுதியவர்களில் ஒருவரும் அவர்தான். காளி இருளர் வீட்டுப் பையன். அப்பா பாம்பு பிடிக்கிறவர். பள்ளிக்கூடத்தில் யாரும் அவனோடு சேருவதில்லை. அவன் தின்பண்டமாகக் கொண்டுவரும் வறுத்த ஈசலைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். ஒருநாள் வகுப்புக்குள் சாரைப்பாம்பு வந்துவிடுகிறது. வாத்தியார் உட்பட எல்லோரும் அலற, காளி அதைப் பிடிக்கிறான். அதன்பிறகு அவன்தான் எல்லோருக்கும் வேண்டியவன்.

இந்தக் கதையை எங்கள் மாலைநேரப் பள்ளியில் பலமுறை படித்துக் காட்டியிருக்கிறேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஒரு இருளர் பையன் தமிழ்ப் புத்தகத்தில் கதாநாயகனாக நிற்பது சின்ன விஷயமில்லை. எழுதியவர் அந்த மக்களோடு நீண்டகாலம் பழகியவர், அந்த ஈரம் கதையில் இருக்கிறது. என் சண்டை கதையின் முடிச்சோடுதான். பாம்பு வராமல் போயிருந்தால்? காளி கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான். ஈசல் தின்பதற்காக அவனைக் கேலி செய்தது தப்பு என்று கதையில் யாரும் உணரவில்லை. அவன் பயன்பட்டான், அதனால் சேர்த்துக்கொண்டார்கள். பயன்படாத இருளனுக்கு வகுப்பில் இடம் உண்டா என்ற கேள்வியைக் கதை பாம்போடு சேர்த்துச் சாக்குப்பையில் போட்டுக் கட்டிவிடுகிறது.

கதைதானே என்று விடமுடியவில்லை. மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு இரண்டு வருடம் அலைந்த ஒரு அப்பா என்னிடம் சொன்னார்: "இருளன்னு சொல்றியே, பாம்பு புடிச்சிக் காட்டு பாப்போம்னு சிரிக்கிறாங்க. எம் புள்ள பாம்பயே தொட்டதில்லம்மா. அவன் பாலிடெக்னிக் போறேன்றான்." காளியின் வகுப்பறை பெரிதாகி அலுவலகமாகியிருக்கிறது. மற்றபடி அதே கதை.

சட்டமும் ஒரு பிரதிதான். அதையும் இப்படிப் படிக்கலாம். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவரை இருளர் பிடித்த பாம்பின் தோல் வியாபாரிக்குப் போய், கப்பலேறி, வெளிநாட்டுச் சீமாட்டிகளின் கைப்பையாகிக்கொண்டிருந்தது. லாபம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. சட்டம் வந்ததும், தொடர்ந்து தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்ததும், வியாபாரி வேறு வியாபாரத்துக்குப் போய்விட்டார். இருளர்தான் 'திருட்டு வேட்டைக்காரர்' ஆனார். பாம்புகளைக் காப்பாற்ற அந்தச் சட்டம் தேவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் யாருக்குப் பாம்பின் வாழ்வு அங்குலம் அங்குலமாகத் தெரியுமோ அவரைக் குற்றவாளி என்ற சொல்லால் மட்டுமே அது அழைத்தது.

அந்தச் சொல்லை மாற்றிக் காட்டியது 1978-இல் பதிவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். ரோமுலஸ் விட்டேக்கர் முன்னின்று உதவ, இருளர்களே உறுப்பினர்களாகி நடத்தும் சங்கம். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகைகளைத்தான் பிடிப்பார்கள். மண்பானைகளில் சில வாரங்கள் வைத்திருப்பார்கள். இடைவெளி விட்டு நாலு தடவை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளமாகச் சின்னதாக வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடையாளம் இருக்கும் பாம்பு மறுபடி கையில் சிக்கினால் எடுக்கக் கூடாது, விட்டுவிட வேண்டும். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு அரசு ஆணை வேண்டும். ஆணை தாமதமானால் அந்தப் பருவத்துக் கூலி போச்சு. இப்படி எடுத்த விஷத்தை உலர்த்தி மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே குதிரைகளுக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறி மருந்து தயாராகிறது. இந்தியாவில் விஷமுறி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு பல்லாண்டுகளாக இந்த ஒரு சங்கத்திலிருந்துதான் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த அறிவை என்னவென்று அழைப்பது? 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறிப்போய் இங்கிருந்து வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களை அழைத்துப் போனார்கள். அந்த மண்ணையே முன்னே பின்னே பார்த்திராத அவர்கள் ஒரு மாதத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023 ஜனவரியில் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் இனிப்பு கொடுத்தோம். அப்புறம் அரசின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எந்தத் துறையில் விருது? 'சமூகப் பணி.' விட்டேக்கருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தபோது 'வனவிலங்குப் பாதுகாப்பு' என்று போடத் தெரிந்திருந்தது. அவருக்குக் கொடுத்தது சரியே. பாம்பைப் பற்றித் தனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இருளர்கள் என்று பேசுகிற இடமெல்லாம் சொல்லிவருகிற மனிதர் அவர். ஆனால் மாணவருக்கு வனவிலங்குத் துறை, ஆசிரியர்களுக்குச் சமூகப் பணி என்றால் இதென்ன கணக்கு? அதுவும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே விருதாக எண்ணிக்கை. இரட்டையர் என்றால் அப்படித்தான் கணக்கிடுவார்களாம், விதி. விதி சரியாகத்தான் இருக்கும்.

இனி எங்க வீட்டுக் கதை. இதைச் சொல்லாமல் மேலே எழுதியதெல்லாம் பாதிப் பொய்.

நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போது எங்க தாய்மாமனைக் கண்ணாடி விரியன் கடித்தது. ராத்திரி மடை திருப்பப் போயிருந்தார். வயல் அவருடையது இல்லை. காலில் செருப்பும் இல்லை, அந்த வரப்பில் எங்காளுங்க செருப்பு போட்டு நடக்க முடியாது. தூக்கிவந்து திண்ணையில் போட்டார்கள். ஏரிக்கரையில் குடியிருந்த இருளர் ஒருவரைப் போய்க் கூட்டிவந்தார்கள். அவர் மந்திரம் கிந்திரம் ஒன்றும் போடவில்லை. விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்லிக் கடிவாயைப் பார்த்தார். வீக்கத்தைப் பார்த்தார். "கண்ணாடி விரியன். கட்டு போடாதீங்க, கீறாதீங்க, ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. ஊசி போடணும்" என்றார். மருத்துவர் சொல்ல வேண்டியதை அவர்தான் சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் மாமாவுக்கு ஈறிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் நாள் போய்விட்டார். அந்த ஊசிக்கான விஷத்தை எடுக்கிற வடநெம்மேலி எங்கள் ஊரிலிருந்து ரெண்டு பஸ் மாறினால் வந்துவிடும்.

அந்த ராத்திரி இன்னொன்றும் நடந்தது. அந்த இருளருக்கு எங்க ஆயா டீ கொடுத்தது. கொல்லைப்புறம் கூரையில் தனியாகச் செருகி வைத்திருந்த ஒரு அலுமினிய டம்ளரில். அவர் குந்திக் குடித்துவிட்டு, தானே கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். ஊர் டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ். அதை உடைக்க எங்க மாமா போராடி போலீஸ் ஸ்டேஷன் போய் வந்தவர். அவர் சாகக் கிடந்த வீட்டில் இருளருக்குத் தனி டம்ளர். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதைப் புத்தகத்தில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டம்ளர்தான் ஞாபகம் வரும். மேலே இருப்பவன் நம்மைத் தள்ளிவைத்தான் என்று எழுதுகிற நம் எழுத்திலும், நம் பத்திரிகைகளிலும் சேர்த்தே சொல்கிறேன், இருளர் எத்தனை பக்கத்தில் வந்திருக்கிறார்கள்? வந்த இடத்தில் எத்தனை தடவை பேசியிருக்கிறார்கள்? 'ஜெய் பீம்' படம் (2021) வந்தபோது எல்லோரும் அழுதோம். அதிலும் அவர்கள் அடி வாங்குகிறவர்கள், வழக்காடி மீட்கப்படுகிறவர்கள். எலி பிடிக்கும் காட்சி வருகிறது, அழகாகவே வருகிறது. வருகிற வேகத்தில் போய்விடுகிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து மக்கள், மழைக்காலத்தில். மண்ணில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள், தரையில் படுக்கிறவர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பாம்புக் கடியை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியதே 2024 நவம்பரில்தான். அதுவரை செத்தவர்கள் சரியான கணக்கில்கூட இல்லை. நம்பியின் பட்டியலுக்குத் திரும்பி வருகிறேன். மருதத்தின் அல்லோர் கடைசியர். காட்டின் அல்லோர் கானவர். இலக்கணத்தில் ஒருவர் நிலத்தில் மற்றவர் இல்லை. தனித்தனிக் கட்டம். ஆனால் கானவர் பானையில் எடுக்கும் விஷத்தில்தான் கடைசியர் உயிர் இருக்கிறது. இந்த உறவை எந்தத் திணையிலும் யாரும் பாடவில்லை. தொல்காப்பியர் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளையிலும் பெருந்திணையிலும் கொண்டுபோய் வைத்தார். காதலுக்கே உள்ளே இடமில்லை என்றால், அறிவுக்கு எங்கே?

காட்டைப் பராமரிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பராமரிப்பு என்றால் வேலி போடுவது, மரம் நடுவது என்றுதான் நம் புத்தகங்கள் சொல்லிக்கொடுக்கின்றன. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துப் புதர்க்காடு அந்தப் படங்களுக்குள் வராது. ஆள் உயரத்துக்கு மேல் மரமில்லை. முள்ளும் காரையும் களாவும் பாறையும். அதனால் அது காடாகவே தெரியாது. வருவாய்த் துறைக் கணக்கில் அதற்குத் தரிசு, புறம்போக்கு என்று பெயர். இந்தச் சொற்களோடு நமக்குப் பழைய வழக்கு இருக்கிறது. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து தலித்துகளுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலமும் காகிதத்தில் தரிசுதான். அதைத் திரும்பக் கேட்டதற்குத்தான் 1994-இல் காரணையில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். தரிசு என்று எழுதினால் யாருக்கும் உரிமையில்லை என்று அர்த்தமாகிறது. அப்புறம் பிளாட் போடலாம், கல் உடைக்கலாம். 2006-இன் வன உரிமைச் சட்டம், காட்டைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் அங்குள்ள சமூகத்துக்கே உரிமை உண்டு என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது வனநிலத்துக்கான சட்டம். ஏரிப்புறம்போக்கில் குடிசை போட்டு, கணக்கில் காடாக இல்லாத காட்டில் கிழங்கும் தேனும் தேடுகிற சமவெளி இருளருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இல்லை. இந்த நிலைமையிலும் தண்டரையில் இருளர் பெண்கள் சங்கம் வைத்து, மூலிகை நாற்றங்கால் போட்டு, இந்தப் புதர்க்காட்டுச் செடிகளை விதையெடுத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். காட்டைப் பராமரிப்பது எப்படி என்று தெரிய வேண்டுமானால் மாணவர்கள் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது. தொலைநோக்கி தேவைப்படாது.

இந்தக் கட்டுரையை எழுதுமுன் முகாமில் பார்த்த அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். அறிக்கையில் பெயரில்லாமல் விட்டார்களே, நாம் பெயர் போட்டு எழுதுவோம் என்பது என் எண்ணம். இன்னமும் அதே ஏரிக்கரைதான். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். எழுதியதில் கொஞ்சம் படித்தும் காட்டினேன். சிலந்திக் கூடு வந்த இடத்தில் சிரித்தார். பெயர் எப்படிப் போடட்டும் என்று கேட்டதும் சிரிப்பு போய்விட்டது.

"என் பேரு போடாதம்மா" என்றார். "நான் சங்கத்துல இல்ல. எங்கிட்ட லைசென்ஸ் கெடையாது. இத்தப் படிச்சிட்டு பாரஸ்ட்காரன் வந்து, நீ எப்புடி வளை பாக்கற, எதுக்குப் பாக்கறன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? ஊரு பேரும் போடாத."

அதனால் போடவில்லை.